ஒரு நேரத்தில் ஒரு தானியம்! பிள்ளைக்குப் புது உணவு ஊட்டும்போது ஒவ்வாமையைக் கண்டுகொள்வது எப்படி?

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு முதல் கஞ்சி ஊட்டுவது கிராமத்து வீடுகளில் ஒரு சின்ன விசேஷம். சிலர் குலதெய்வக் கோயிலில் வைத்து ஊட்டுவார்கள். சிலர் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து ஊட்டுவார்கள். அடுத்த வாரமே சத்துமாவு வந்துவிடும். கேழ்வரகு, கம்பு, சோளம், கோதுமை, அரிசி, பச்சைப்பயறு, உளுந்து, பொட்டுக்கடலை, நிலக்கடலை, முந்திரி, பாதாம், ஏலக்காய் என்று பன்னிரண்டு, பதினைந்து சரக்குகளை வறுத்து, மில்லில் அரைத்து, டப்பா நிறைய வைத்துக்கொள்வார்கள். சத்தில் குறை சொல்ல முடியாத மாவுதான். ஆனால் அதைக் குடித்த குழந்தைக்கு அரை மணி நேரத்தில் முகமெல்லாம் தடிப்பு வந்துவிட்டால், பதினைந்தில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

விவசாயிக்கு இது புரியாத விஷயமல்ல. பூச்சி மருந்து, பூஞ்சாண மருந்து, இலைவழி உரம் மூன்றையும் ஒரே டேங்கில் கலந்து அடித்துவிட்டு, மறுநாள் இலை கருகி நின்றால் எந்த மருந்தைக் குற்றம் சொல்வது? புது மருந்தென்றால் நாலு வரிசைக்கு மட்டும் அடித்துப் பார்க்கும் விவசாயிதான், வீட்டில் பிள்ளைக்குப் பதினைந்தையும் ஒன்றாகக் கலந்து ஊட்டுகிறார்.

தடிப்பு வந்த வீட்டில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. 'இந்தப் பிள்ளைக்கு மாவே ஆகாது' என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒரு வயது வரை வெறும் அரிசிக் கஞ்சியிலும் பிஸ்கட்டிலும் ஓட்டுகிறார்கள். பிள்ளை எடை ஏறாமல் நிற்கிறது. இல்லையென்றால், 'ஏதோ காணாக்கடி' என்று மஞ்சளைப் பூசிவிட்டு, அடுத்த வாரம் அதே மாவைக் கரைத்துக் கொடுக்கிறார்கள். இரண்டாவது முறை தடிப்போடு நிற்கும் என்று சொல்ல முடியாது.

ஒவ்வாமை என்றால் என்ன?

நோய்க் கிருமியை எதிர்க்க நம் உடம்பில் ஒரு காவல் இருக்கிறது. அந்தக் காவல், உணவில் இருக்கும் ஒரு புரதத்தை எதிரி என்று தவறாக எண்ணிப் பாய்வதுதான் ஒவ்வாமை. அஜீரணம் வேறு, இது வேறு. அஜீரணத்தில் அதிகம் சாப்பிட்டால் தொல்லை, குறைவாகச் சாப்பிட்டால் தொல்லை இல்லை. ஒவ்வாமையில் ஒரு சிட்டிகைகூடப் போதும். முதல் இரண்டு முறை ஒன்றும் ஆகாமல் மூன்றாம் முறை வருவதும் உண்டு. காவல் முதலில் அடையாளம் பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு பாயும்.

எந்த உணவும் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆனாலும் பெரும்பாலான ஒவ்வாமைகளுக்குக் காரணம் ஒரு கைப்பிடி உணவுகள்தான்: பசும்பால், முட்டை, நிலக்கடலை, முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகள், கோதுமை, சோயா, எள், மீன், இறால், நண்டு. நம் நாட்டில் கொண்டைக்கடலை போன்ற பருப்பு வகைகளாலும் ஒவ்வாமை பதிவாகியிருக்கிறது. பட்டியலைப் பார்த்தாலே தெரியும், பாதி நம் காட்டிலும் தொழுவத்திலும் விளைவதுதான். அதனால் 'இதையெல்லாம் பிள்ளைக்குக் கொடுக்காமல் விட்டுவிடலாமே' என்று தோன்றும். அங்கேதான் தவறு நடக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஊட்டும் முறை

உலக சுகாதார நிறுவனம் சொல்வது, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் தாய்ப்பாலோடு மற்ற உணவு. முதலில் நன்றாகக் குழைந்த அரிசிக் கஞ்சி, கேழ்வரகுப் பால் காய்ச்சிய கூழ், மசித்த வாழைப்பழம், வேகவைத்த பூசணி, கேரட் என்று சாதாரணமானவற்றில் தொடங்கலாம். அவை பழகியபின் பாசிப்பருப்பு, தயிர், கோதுமை ரவை, முட்டை, நிலக்கடலை, எள், மீன் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். பசும்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் குடிக்கக் கொடுப்பது மட்டும் ஒரு வயதுக்கு மேல்தான். தயிராகவோ, கஞ்சியில் ஒரு கரண்டியாகவோ அதற்கு முன் சேரலாம்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு புது உணவு. அதையே இரண்டு, மூன்று நாள் தொடர்ந்து கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். புதியதைக் காலையில் கொடுப்பது நல்லது. ராத்திரி ஊட்டிவிட்டுப் படுத்தால், தூக்கத்தில் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று தெரியாது. தெரிந்தாலும், வண்டி பிடித்து ஆஸ்பத்திரி போவது பகலில் இருப்பதுபோல் இருக்காது. காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு இருக்கும் நாளும், தடுப்பூசி போட்ட நாளும் வேண்டாம். அன்று எது வந்தாலும் காரணம் குழம்பிப்போகும். கல்யாண வீடு, திருவிழா, பஸ் பயணம் இவற்றிலும் வேண்டாம்.

முதல் நாள் கால் டீஸ்பூன் போதும். கொடுத்துவிட்டுப் பத்து, பதினைந்து நிமிடம் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருங்கள். ஒன்றும் இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் கொடுக்கலாம். அதன்பின் இரண்டு மணி நேரம் பிள்ளை கண்ணெதிரில் இருக்கட்டும். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரின் கட்டத்திலேயே 'முட்டை', 'கோதுமை' என்று குறித்துவிட்டால், பின்னால் டாக்டர் கேட்கும்போது ஞாபகத்தைத் தேட வேண்டாம். காலையில் கழனிக்குப் போகும் தாய், பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப் போவார் என்றால், அன்று என்ன புதிதாகக் கொடுத்தோம் என்பது பாட்டிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இப்படி ஒவ்வொன்றாகப் பழகிய பிறகு சத்துமாவு தாராளமாக அரைக்கலாம். அதில் சேர்க்கும் ஒவ்வொரு சரக்கும் ஏற்கெனவே பிள்ளை சாப்பிட்டுப் பார்த்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவும் பல தானியம் கலந்ததே. பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் பொருள்களைப் படித்துப் பார்த்து, அவை பழகியபின் தொடங்கினால் நிம்மதி.

முட்டையை நன்றாக வேகவைத்து, மசித்துக் கொடுக்க வேண்டும். அரைவேக்காடு, பச்சை முட்டை கூடாது. நிலக்கடலையை வறுத்து, தோல் நீக்கி, மை போல அரைத்து, வெதுவெதுப்பான கஞ்சியில் தளரக் கரைத்துக் கொடுக்க வேண்டும். கெட்டியான விழுதாக வாயில் வைத்தால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். முழுக் கடலையை ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கையில் கொடுக்கவே கூடாது. அது ஒவ்வாமைக்காக இல்லை, மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும் என்பதற்காக. களத்தில் கடலை காயும் நாளில் தவழும் பிள்ளையைக் கவனிப்பதும் இதற்காகத்தான்.

எதைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும்?

பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரியும். கொசு கடித்த இடம்போல் ஆனால் பெரிதாக, சிவந்து மேலெழும்பிய தடிப்புகள் வரும். ஓரிடத்தில் அடங்கி இன்னோரிடத்தில் கிளம்பும். உதடு, கண் இமை, காது வீங்கும். பேசத் தெரியாத பிள்ளை முகத்தைத் தாயின் தோளில் தேய்க்கும், நாக்கை நீட்டி நீட்டிச் சப்பும், காதைப் பிடித்து இழுக்கும். திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கும்.

ஊர்ப்பக்கம் இந்தத் தடிப்பைத்தான் 'காணாக்கடி' என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று பொருள். வெற்றிலையோடு மிளகை மெல்லச் சொல்வது பெரியவர்களுக்கு வழக்கம். கைக்குழந்தைக்கு அந்தச் சாற்றைப் புகட்டினால் புரையேறும். காணாக்கடி என்ற பேச்சு வீட்டில் வந்தால், 'கடைசி இரண்டு மணி நேரத்தில் பிள்ளை என்ன சாப்பிட்டது?' என்ற கேள்வியும் கூடவே வர வேண்டும்.

வெறும் நாலைந்து தடிப்பு மட்டும், பிள்ளை சிரித்து விளையாடுகிறது என்றால், அந்த உணவை நிறுத்திவிட்டு, வாயையும் கையையும் துடைத்து, கவனமாகப் பார்த்திருந்து, அன்றே டாக்டரிடம் காட்டலாம். தடிப்பைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் தடிப்பு மறைந்துவிடும், டாக்டருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. டாக்டர் சொல்லும்வரை அந்த உணவை மறுபடி 'சோதித்துப் பார்க்க' வேண்டாம்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள் வேறு. மூச்சில் இழுப்புச் சத்தம், விடாத இருமல், அழுகுரல் கம்மிப்போவது, எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, நாக்கு வீங்குவது, முகம் வெளுத்தோ நீலம் பாரித்தோ போவது, திடீரென்று துவண்டு கை கால் தொங்குவது, எழுப்பினாலும் மயக்கமாகவே இருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும், அல்லது தடிப்போடு தொடர்ந்து வாந்தியும் சேர்ந்தாலும், உடனே 108. இதில் தோலில் தடிப்பே இல்லாமலும் வரலாம். 'உடம்பில் ஒன்றும் இல்லையே' என்று காத்திருக்கக் கூடாது.

ஆம்புலன்ஸ் வரும்வரை பிள்ளையைத் தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும், அல்லது கைகளில் கிடைமட்டமாக ஏந்திக்கொள்ள வேண்டும். தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு ஓடினால் ரத்த அழுத்தம் இன்னும் சரியும். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது, தண்ணீரோ பாலோ புகட்டுவது, மந்திரிக்கத் தூக்கிப்போவது எல்லாம் நேரத்தைத் தின்னும். இதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. குழந்தைக்குத் தடுப்பூசி போட்டதும் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்வார்களே, அதற்குக் காரணமும் இதே வகை ஒவ்வாமைதான். தடுப்பூசி போடும் இடங்களில் இந்த ஊசி மருந்தைத் தயாராக வைத்திருப்பார்கள். வீட்டில் கிடக்கும் அரிப்பு சிரப் தோல் தடிப்பை அடக்கும், மூச்சடைப்பை நிறுத்தாது. ஊசி போட்டுப் பிள்ளை தெளிந்துவிட்டாலும் உடனே வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம். சில மணி நேரம் கழித்து மறுபடி வருவது உண்டு என்பதால் டாக்டர் தங்கச் சொல்வார்.

இன்னொரு வகை இருக்கிறது, பலரும் ஏமாறுவது அதில்தான். உணவு கொடுத்து ஒன்றிலிருந்து நாலு மணி நேரம் கழித்து, பிள்ளை அடுக்கடுக்காக வாந்தி எடுத்து, வெளுத்து, துவண்டுபோகும். தடிப்பு இருக்காது, இழுப்பு இருக்காது. சாப்பிட்டு நேரமாகிவிட்டதால் உணவின்மேல் சந்தேகமே வராது. பால், சோயாவில் மட்டுமல்லாமல், 'யாருக்கும் ஒன்றும் செய்யாது' என்று நாம் நம்பும் அரிசியாலும் இது வரலாம். ஒரே உணவுக்குப்பின் இரண்டாம் முறையும் இப்படி ஆனால் தற்செயல் என்று விடக் கூடாது. நீர்ச்சத்து வேகமாகக் குறையும் என்பதால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். மலத்தில் சளியும் ரத்தக் கோடும் நாள்கணக்கில் வந்துகொண்டிருந்தால், பால் புரதத்தின் ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்கும் டாக்டர்தான்.

ஒவ்வாமை போலத் தோன்றுபவை

சேனை, சேப்பங்கிழங்கு தின்றால் நாக்கு அரிப்பது அவற்றில் இருக்கும் ஊசி போன்ற ஆக்சலேட் துகள்களால். தக்காளி, ஆரஞ்சு போன்ற புளிப்பு பட்டு வாயைச் சுற்றி மட்டும் சிவந்து, துடைத்ததும் அடங்கிவிட்டால் அது பெரும்பாலும் தோல் எரிச்சல்தான். வியர்க்குரு, அம்மை, வைரஸ் காய்ச்சலோடு வரும் தடிப்பு எல்லாம் வேறு. பீட்ரூட் கொடுத்த மறுநாள் மலம் சிவப்பதும், இரும்புச்சத்து சொட்டு மருந்தால் கறுப்பதும் பயப்பட வேண்டியவை அல்ல.

மீனில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகிறது. ஒவ்வாமையின்போது நம் உடம்பு வெளியிடும் அதே பொருள். சமைத்தாலும் போகாது. அந்த மீனைச் சாப்பிட்டவர்களுக்கு முகம் சிவந்து, தடித்து, தலை வலிக்கும். வீட்டில் சாப்பிட்ட எல்லோருக்கும் வந்தால் மீன் கெட்டது, ஒருவருக்கு மட்டும் வந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம் என்று ஓரளவு கணக்கு வைக்கலாம்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிறவர்கள் கையில் தோல் வெந்து உரியுமே, அது கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெயின் கார குணம். முந்திரிப் பருப்பின் ஒவ்வாமை அதிலிருந்து வேறானது. ஆனால் அந்தக் கையோடு பிள்ளையைத் தூக்கினால் பிள்ளையின் தோலும் பொசுங்கும்.

பூஞ்சாணம் பிடித்த நிலக்கடலையும் ஒவ்வாமைக் கணக்கில் சேராது. அதைவிட மோசம். ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சாணம் உண்டாக்கும் அஃப்லடாக்சின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. கடலையை ஈரப்பதம் 8 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவைத்து, சுருங்கிய, நிறம் மாறிய, உடைந்த பருப்பைப் பொறுக்கித் தள்ளிவிட்டு, நல்ல பருப்பைத்தான் பிள்ளைக்கு அரைக்க வேண்டும். விற்கப் போகாத கழிவுக் கடலை வீட்டுக்கு என்று ஒதுக்கும் பழக்கம் பிள்ளை விஷயத்தில் வேண்டாம்.

தள்ளிப் போட்டால் தப்பிக்கலாமா?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2000-ல் ஒரு யோசனை சொன்னது: ஒவ்வாமை வரும் வாய்ப்புள்ள குழந்தைக்கு மூன்று வயது வரை நிலக்கடலை வேண்டாம். பல நாடுகளும் அப்படியே நடந்தன. ஆனால் ஒவ்வாமை குறையவில்லை. 2008-ல் அந்த யோசனை கைவிடப்பட்டது. அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளையும் இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. ஒரே வம்சாவளி. ஆனால் நிலக்கடலை ஒவ்வாமை பிரிட்டனில் சுமார் பத்து மடங்கு அதிகம். இஸ்ரேலில் குழந்தைகள் ஒரு வயதுக்குள்ளேயே கடலை சேர்த்த தின்பண்டத்தைச் சாப்பிட்டுப் பழகுகிறார்கள், பிரிட்டனில் தள்ளிப் போடுகிறார்கள் என்பதுதான் கண்ணில் பட்ட பெரிய வித்தியாசம்.

அதை உறுதி செய்ய லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கிடியன் லாக் குழுவினர் 640 குழந்தைகளை வைத்து ஆய்வு நடத்தி, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். கடுமையான கரப்பான் அல்லது முட்டை ஒவ்வாமை இருந்த, 4 முதல் 11 மாதக் குழந்தைகள் அவர்கள். பாதிப்பேருக்கு நிலக்கடலையைத் தொடர்ந்து கொடுத்தார்கள், மீதிப்பேருக்கு ஐந்து வயது வரை கொடுக்கவே இல்லை. கொடுக்காதவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்கு நிலக்கடலை ஒவ்வாமை வந்தது. கொடுத்தவர்களில் 3 சதவீதம்தான். பத்தியம் வைத்துக் காப்பாற்றலாம் என்று எண்ணிய மருத்துவ உலகம், பழக்கித்தான் காப்பாற்ற வேண்டும் என்று மாறியது.

எனவே மற்ற உணவுகள் பழகியதும் முட்டையையும் கடலையையும் ஒரு வயதுக்குள்ளேயே அறிமுகம் செய்யலாம். ஒத்துக்கொண்டால் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறையாவது தொடர வேண்டும். ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிட்டு ஆறு மாதம் மறந்துவிடுவது பழக்கியதாகாது. உடம்பெல்லாம் கடுமையான கரப்பான் உள்ள பிள்ளைக்கும், ஏற்கெனவே ஏதாவது உணவில் தடிப்பு வந்த பிள்ளைக்கும் மட்டும், கடலை, முட்டை தொடங்குமுன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கரப்பானைப் பற்றிச் சொல்லும்போது குளிப்பாட்டும் வழக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உணவுப் புரதம் வாய் வழியாகப் போனால் உடம்பு பழகுகிறது, வெடித்துப் புண்ணான தோல் வழியாகப் போனால் எதிரியாகப் பார்க்கிறது என்ற கருத்து இன்று வலுவாக இருக்கிறது. பிரிட்டனில் 2003-ல் வெளியான ஆய்வில், கடலை எண்ணெய் சேர்ந்த களிம்பைத் தோலில் பூசிய குழந்தைகளிடம் நிலக்கடலை ஒவ்வாமை அதிகம் இருந்தது தெரிந்தது. நம் வீடுகளில் செக்கில் ஆட்டிய எண்ணெயைத் தேய்த்து, கடலை மாவோ பயத்தம் மாவோ போட்டுக் குளிப்பாட்டுகிறோம். தோல் நன்றாக இருக்கும் பிள்ளைக்குப் பரவாயில்லை. கரப்பான் உள்ள பிள்ளைக்கு மாவும் கடலை எண்ணெயும், நல்லெண்ணெயும் தோலில் வேண்டாம். தோல் புண்ணை முதலில் ஆற்ற வேண்டும்.

மில்லிலும் கடையிலும்

ஒவ்வாமை உறுதியான பிறகு குடும்பத்துக்கு வரும் பெரிய தொல்லை மாவு மில். முன்னால் வந்தவர் கோதுமை அரைத்துவிட்டுப் போனால், அடுத்து நாம் கொட்டும் கேழ்வரகில் முதல் சில கிலோ அந்தக் கோதுமையோடு கலந்துதான் விழும். கோதுமை ஆகாத பிள்ளைக்கு அதுவே போதும். வீட்டு மிக்சியில் அரைப்பதோ, கல்லில் திரிப்பதோ நல்லது. மில்தான் வழி என்றால், நம் தானியத்திலேயே ஒரு பங்கை முதலில் ஓட்டி, அந்த மாவைப் பெரியவர்களுக்கு வைத்துக்கொண்டு, பிந்தி விழுவதைப் பிள்ளைக்கு எடுத்தால் கலப்பு குறையும். முழுதாகப் போகாது. கடுமையான ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இதை நம்பக் கூடாது. செக்கும் அப்படித்தான். கடலை ஆட்டிய செக்கிலேயே எள்ளும் ஆட்டுகிறார்கள், வடிகட்டாத எண்ணெயில் புரதம் தங்கும்.

பாக்கெட் உணவில் பசையம் உள்ள தானியம், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலை மற்றும் கொட்டைகள், சோயா, சல்பைட் ஆகியவை சேர்ந்திருந்தால் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. சத்துமாவு அரைத்து விற்கும் மகளிர் குழுக்கள் இதைக் கவனிக்க வேண்டும். '21 வகைத் தானியம்' என்று பெரிய எழுத்தில் போட்டால் வியாபாரம் நடக்கும். அந்த 21-ம் எவை என்று பின்பக்கம் படிக்கிற அளவில் போட்டால்தான் ஒரு தாய்க்கு உதவும்.

வாசகர்கள் கேட்கும் சில கேள்விகள்

பால் கொடுக்கும் தாய் கடலை, முட்டை, மீன் எல்லாம் நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். பிள்ளைக்கு ஒவ்வாமை வரக் கூடாது என்பதற்காகத் தாய் பத்தியம் இருப்பதால் பயன் இருப்பதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே மெலிந்திருக்கும் தாய் இன்னும் மெலிவதுதான் மிச்சம். பிள்ளைக்குப் பால் புரத ஒவ்வாமை இருக்கிறது என்று டாக்டர் உறுதி செய்து, அவரே நிறுத்தச் சொன்னால் மட்டும் நிறுத்த வேண்டும்.

ரத்தப் பரிசோதனை செய்தால் எது ஆகாது என்று மொத்தமாகத் தெரிந்துவிடாதா?

தெரியாது. நூறு உணவுக்கு ஒரே சோதனை என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் பணம் கொடுத்தால், சாப்பிட்டு ஒன்றும் ஆகாத உணவுகளையும் சேர்த்து நீண்ட பட்டியல் கையில் கிடைக்கும். தோல் சோதனையும் ரத்தச் சோதனையும், எந்த உணவுக்குப்பின் என்ன ஆனது என்ற விவரத்தோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் பொருள் தரும். அந்தக் காலண்டர் குறிப்பு இங்கே காசு பெறும். சந்தேகம் நீடித்தால், மருத்துவமனையில் டாக்டர் கண்முன் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்ப்பதே உறுதியான சோதனை.

வந்த ஒவ்வாமை போகுமா?

பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர விலகிவிடும். நிலக்கடலையில் சுமார் ஐந்தில் ஒருவருக்குத்தான் விலகும். விலகிவிட்டதா என்று வீட்டில் கொடுத்துப் பார்க்கக் கூடாது.

எங்கள் பிழைப்பே மல்லாட்டைதான். பிள்ளைக்கு மல்லாட்டை ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். பயிரை மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டியதில்லை. கடுமையான ஒவ்வாமை வருவது பெரும்பாலும் சாப்பிடுவதால்தான். நிற்கிற பயிரோ, பக்கத்து வீட்டில் வறுக்கும் வாசனையோ அதைக் கொண்டுவருவது மிக அரிது. கவனிக்க வேண்டியது அறுவடைக்குப் பிந்திய வேலைகளை. காய் காயவைப்பதும் உடைப்பதும் வீட்டு வாசலில் வேண்டாம், களத்திலேயே முடித்துவிடுங்கள். உடைக்கும்போது பறக்கும் தூசி பிள்ளையின் கண்ணையும் மூக்கையும் தொந்தரவு செய்யும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, உடை மாற்றிக்கொண்டு பிள்ளையைத் தூக்குங்கள். வெறும் தண்ணீரில் கழுவினால் போகாது. மூட்டைகளைப் பிள்ளை படுக்கும் அறையில் அடுக்காதீர்கள். அக்கா, அண்ணன் பிள்ளைகளுக்கும், கூலிக்கு வரும் பெண்களுக்கும் விவரம் சொல்லி வையுங்கள். ஆசையாக ஒரு பருப்பை வாயில் போடுவது பெரும்பாலும் அவர்கள்தான். அங்கன்வாடி ஆசிரியையிடம் எழுதியே கொடுத்துவிடலாம், கடலை உருண்டையும் கடலைச் சட்னியும் உட்பட.